தெரியாதுங்க என்று சொன்ன பொம்மை

ஆடி 2

காற்று. கூடமெல்லாம் புழுதி.

அன்றைக்குத் தலைமடை நிலத்தில் இருந்தவர்கள்:

என் மாமனார் வீராசாமி. என் வீட்டுக்காரர் (பெயர் சொல்லும் வழக்கம் இல்லை, எழுதும் வழக்கமும் இல்லை). தாசில்தார், கண்ணாடி போட்டவர். கணக்குப்பிள்ளை நடேசன், கக்கத்தில் காகிதக் கட்டு. தலையாரி மாரிமுத்து. வடக்குப் பண்ணை, பட்டுக்கரை வேட்டி, காதில் கடுக்கன். நடவுக்கு வந்த பாக்கியம், குஞ்சம்மாள், முழங்கால் வரை சேறு. அடுத்த வயல்காரன் க.பெ. நான். என் இடுப்பில் செல்வம், பால்குடி.

அவ்வளவுதான். ஒரு ஆள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யார் எந்த வரப்பில் நின்றார்கள் என்றுகூடச் சொல்வேன்.

கேட்டது கயல். செல்வத்தின் மகள், திருவாரூரில் படிப்பு, கடைசி வருடம். படிப்பு முடிக்க ஒரு படம் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். ஆள் வைத்து அல்ல, பொம்மை வைத்து. பொம்மையை ஒரு நூல் அளவு நகர்த்தி ஒரு போட்டோ, மறுபடி ஒரு நூல், மறுபடி போட்டோ. எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் பொம்மை நடக்குமாம். ‘ஒரு கதை சொல்லு அப்பாயி’ என்றாள். எனக்குக் கதை தெரியாது, நடந்தது தெரியும் என்றேன்.

அவளிடம் சொன்னது: அந்த வருஷம் புதுச் சட்டம். எவன் உழுகிறானோ அவன் பெயரைக் குத்தகைப் பதிவில் ஏற்றலாம். ஏற்றிவிட்டால் பண்ணை கிளப்ப முடியாது. தலைமடை நிலம் மூன்று தலைமுறையாக நாங்கள் உழுதது. வாய்ப்பேச்சுக் குத்தகை, சீட்டு இல்லை. பண்ணை, எல்லாம் என் சொந்தச் சாகுபடி என்றுவிட்டார். தாசில்தார் வயலுக்கே வந்து அடுத்த வயல்காரனைக் கேட்டார். ‘இந்த நிலத்த யாருய்யா சாகுபடி பண்றது?’ க.பெ. எங்களோடு ஒரே மடையில் தண்ணீர் கட்டுகிறவன். நடுவே ஒரு முழ வரப்பு. சொன்னான், ‘தெரியாதுங்க.’

ஒரு சொல். நிலம் போனது. அதே நிலத்தில் நான் கூலி நட்டேன்.

க.பெ. இன்னும் உயிரோடு இருக்கிறான், தெருக்கோடி வீடு. அன்றிலிருந்து பேச்சு இல்லை. முழுப் பெயரை என் கையால் எழுத மாட்டேன்.

அந்த ஒரு சொல் படத்தில் வர வேண்டும். அவன் முகத்தோடு. வேறொன்றும் கேட்கவில்லை.

ஆடி 4

வாய்க்கால் மண்ணில் செய்த பொம்மைகள் எல்லாம் வெடித்துவிட்டன. உள்ளே கட்டுக்கம்பி வைத்தும் பயன் இல்லை. மாமனாருக்கு வயிறு பிளந்தது. மருமகள் வசந்தா எட்டிப் பார்த்து, ‘உசிரோட இருந்தப்பவும் அவருக்கு வயித்துவலிதான்னு சொல்வீங்களே அத்தை’ என்றாள். சிரிப்பு வந்தது. அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

கடையில் காயாத களிமண் விற்கிறதாம், எண்ணெய் போட்டது. கயல் கும்பகோணம் போய் வாங்கி வந்தாள்.

ஜன்னலுக்குக் கறுப்புக் கம்பளி. வெளிச்சம் மாறக் கூடாது. காற்றாடி போடக் கூடாது. பொம்மைகள் நிற்கும் பலகைப் பக்கத்தில் யாரும் நடக்கக் கூடாது. என் வீட்டில் நான் சுவரை ஒட்டி நடக்கிறேன்.

வாய் தனியாகச் செய்கிறாள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வாய், எடுத்து எடுத்து மாற்றி ஒட்ட வேண்டும். க.பெ. பொம்மைக்கு: தெ, ரி, யா, து, ங்க. எல்லாம் ஒரு தகர மூடியில். வசந்தா பெருங்காயம் போட அந்த மூடியைக் கேட்டாள். நான் கொடுக்கவில்லை.

பண்ணை பொம்மைக்குக் கடுக்கன் வேண்டும். வசந்தாவே உடைந்த தோட்டிலிருந்து ஒரு கல் பெயர்த்துக் கொடுத்தாள். பச்சைக் கல். அவருடையது சிவப்பு. சொன்னேன். ‘போதும் அப்பாயி, யாருக்குத் தெரியப்போவுது.’

எனக்குத் தெரியும்.

ஆடி 7

வெயில். பல் வலி.

பெரிய கூத்து. வயல் நிஜமாக இருக்கட்டும் என்று நான்தான் விதைநெல் ஊறவைத்து முளைகட்டி, பலகையில் சேறு பரப்பித் தெளித்தேன். பச்சை கட்டியதும் கயல் தாசில்தாரை நடக்கவிட்டாள். வாய்க்காலிலிருந்து வரப்புக்கு வர நேற்றும் இன்றும் ஆயிற்று. ஓட்டிப் பார்த்தால் தாசில்தார் நாலு எட்டு வைப்பதற்குள் பயிர் குபுகுபுவென்று அவர் இடுப்புக்கு வந்துவிட்டது. பொம்மை அசைவதற்குள் நெல் வளர்ந்திருக்கிறது! நெல்லுக்கு யார் சொல்வது, நில், போட்டோ எடுக்கிறோம் என்று.

கயல் தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு சிரித்தாள். ‘அப்பாயி, ஒரு போகமே வெளஞ்சிரும் போல இருக்கு அந்தாளு வந்து சேர்றதுக்குள்ள.’

அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது, அவர் வந்து சேர எனக்கு ஒரு போகம் ஆனது என்றேன். அப்படியானால் இது இருக்கட்டும் என்றாள். தாசில்தார் நடப்பதற்கு மட்டும். மற்றதற்குப் பச்சைத் துணி நறுக்கி நட வேண்டும்.

பல்லி ஒன்று குறுக்கே போயிருக்கிறது. படத்தில் ஒரு மின்னல் மாதிரி. அதை எடுத்துவிட்டாள்.

ஆடி 9

செல்வம் ஒரே சந்தோஷம். கையில் நோட்டீஸ். ஆவணி இரண்டு, சமுதாயக் கூடத்தில் கட்சி விழா, அதில் மகள் எடுத்த படம். ஒன்றியம் வந்து தொடங்கிவைக்கிறாராம். இவன் கிளைச் செயலாளர், நாளைக்கு அதற்கு மேலே ஒரு படி என்று பேச்சு இருக்கிறதாம்.

‘எந்த ஒன்றியம்?’

‘வடக்குப் பண்ணை பேரன்தாம்மா. ஒன்றியச் செயலாளர்.’

‘அவங்க எப்ப நம்ம கட்சி?’

‘போன எலக்ஷன்லயே வந்துட்டாங்களே. இன்னும் பழசையே பேசிக்கிட்டு.’

தாத்தனுக்குப் பட்டுக்கரை வேட்டி, பேரனுக்குக் கட்சிக்கரை வேட்டி. வேட்டி அதே வெள்ளை. இதை வாயால் சொல்லவில்லை, இங்கே எழுதிக்கொள்கிறேன்.

படத்தில் என்ன வருகிறது என்று செல்வம் கேட்கவில்லை. ‘விவசாயக் கதைதானே?’ என்றான். ஆமாம் என்றேன். பொய் இல்லை.

ஆடி 12

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

க.பெ. வந்தான். எங்கள் வீட்டுக்கு. கைத்தடி ஊன்றி, பல் இல்லை, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருக்கிறான். வாசலில் நின்று, ‘எம் பொம்மையப் பாக்க வந்தேன். ஊரே சொல்லுது, நெஜத்த விடக் கறுப்பா செஞ்சிருக்கீங்களாம்’ என்றான். கயல் சிரித்துவிட்டாள். நாற்காலி போட்டாள்.

நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பேச்செல்லாம் கயல் வழியாக.

‘கயலு, வந்தவங்களுக்குக் காப்பி வேணுமான்னு கேளு.’

‘ஒங்க அப்பாயிகிட்ட சொல்லும்மா, வெசம் போடாம இருந்தாக் குடிக்கிறேன்னு.’

‘வெசம் வாங்க மெனக்கெட மாட்டேன்னு சொல்லு.’

பலகையைக் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம். ஒவ்வொருவராகப் பெயர் சொன்னான். எல்லாம் சரி. தலையாரிக்கு இடது கையில் கம்பு என்றான். அதுவும் சரி, நான் சொல்ல மறந்தது. பிறகு கேட்டான்.

‘அஞ்சலை எங்க?’

‘எந்த அஞ்சலைன்னு கேளு.’

‘எம் மவ. கஞ்சி எடுத்துக்கிட்டு வந்திருந்தா அன்னைக்கு. பண்ணைக்கு முன்னாடி நின்னா.’

அப்படி யாரும் இல்லை என்று சொல்லச் சொன்னேன்.

அவன் கயலைப் பார்த்துத்தான் சொன்னான். ‘பண்ணை அவ தோள்ல கைய வச்சிருந்தாரு. பத்து வயசுப் புள்ள. ஒம் மவளாடா இவ, நல்லா வளந்துட்டாளேன்னாரு. எடுக்கல கைய. கழுத்தோரம் வெரலப் போட்டு அப்படியே நின்னாரு. அதுக்கப்பறந்தாம்மா தாசில்தார் என்னையக் கேட்டாரு.’

அடுப்பில் பால் பொங்கிய சத்தம்.

‘நான் சொல்லலேன்னு சொல்லல. சொன்னேன். எம் பொம்மைக்கு வாய் நல்லா பெருசாவே வைய்யி. ஆனா அந்தக் கையையும் வைய்யி.’

காப்பி குடிக்காமல் போனான்.

பொய் சொல்கிறான். பொய்தான். இத்தனை வருஷமாக வாய் திறக்காதவன் படம் என்றதும் வருகிறான்.

ஆடி 13

தூக்கு.

வரப்பில் ஒரு தூக்குப்பாத்திரம் உருண்டு கிடந்தது. கஞ்சி சேற்றில் வெள்ளையாக ஓடியது. நாய் ஒன்று நக்கியது. அது எப்போதும் என் கண்ணில் இருக்கிறது. எங்கள் சோறு கொட்டிப்போனதற்கு அடையாளம் போல அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். யார் கொண்டுவந்த தூக்கு என்று ஒரு நாளும் என்னை நானே கேட்கவில்லை.

அந்த வாரமே அஞ்சலையைக் குத்தாலத்துக்கு அவள் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டான். பிறகு அங்கேயே கட்டிக்கொடுத்தான். பண்ணை கொடுத்த பணத்தில் மகளுக்கு வழி பண்ணிவிட்டான் என்று ஊர் பேசிற்று. ஊரென்றால் அதில் நானும்தான்.

பல் வலி குறையவில்லை. கிராம்பு வைத்தேன்.

ஆடி 18

பெருக்கு. புதுத்தண்ணீர் கலங்கலாக, கரை முட்டி ஓடுகிறது. வசந்தா சித்ரான்னம் கட்டினாள், மஞ்சள் கயிறு, காதோலை. பெண்டுகள் கூட்டம்.

படித்துறை மேல்படியில் அவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போனேன். கயல் இல்லை, வழியாகப் பேச ஆள் இல்லை. நேராகவே கேட்டேன்.

‘தூக்கு மூடி ஈயமா, பித்தளையா?’

திரும்பிப் பார்த்தான். ‘பித்தளை அண்ணி. ஒங்க வீட்டு மூடிதான். இரவல் வாங்குனது, திருப்பித் தரல.’

ஆமாம். என் மாமியார் அந்த மூடியைத் தேடித் தேடி என்னைத் திட்டினாள்.

‘அன்னைக்கே சொல்லியிருக்கலாமுல்ல.’

‘யாருகிட்ட? எம் பொண்ணு மேல கை வச்சான்னு தெருவுல சொல்லவா? அப்பறம் யாரு கட்டுவா அவள?’

தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். எழுந்து வரும்போது, ‘என்னைய எப்ப மன்னிப்பீங்க?’ என்றான். ‘மூடியக் குடுத்துட்டுக் கேளு’ என்றேன். பொக்கை வாயால் சிரித்தான்.

கலியபெருமாள். எழுதிவிட்டேன்.

ஆடி 21

அஞ்சலை பொம்மை ஆயிற்று. பச்சைப் பாவாடை. தூக்கு, சாக்லேட் காகிதத்தில். மூடி மட்டும் மஞ்சள் காகிதம், அதை நான் வெட்டினேன்.

பண்ணையின் கை அவள் தோளுக்கு வர வேண்டும். அது காலை முழுக்க. ஒவ்வொரு நூலாக இறங்கியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். நிறுத்து என்று சொல்ல வாய் வந்தது. பொம்மைதானே. இறங்கி உட்கார்ந்துவிட்டது, களிமண்ணில் களிமண் பதிந்து.

அடுத்தது அஞ்சலை நடுங்க வேண்டும். கயல் நகர்த்தினால் ஆடுகிற மாதிரி இருக்கிறது, நடுக்கம் வரவில்லை. நாலைந்து தரம் அழித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

‘நீ தொடு அப்பாயி.’

இதுவரை என்னைத் தொடவிட்டதில்லை. கை நடுங்குகிறது, பொம்மை கலைந்துவிடும் என்பாள். இன்றைக்கு அந்த நடுக்கம்தான் வேண்டும் என்கிறாள். தொட்டேன், எடுத்தேன், போட்டோ. தொட்டேன், எடுத்தேன், போட்டோ. விரலுக்குக் கீழே அவ்வளவு சின்னத் தோள்.

ஓட்டிக் காட்டினாள். அஞ்சலை நடுங்குகிறாள். பண்ணை தாசில்தாரைப் பார்த்துச் சிரிக்கிறார். கலியபெருமாள் மகளைப் பார்க்கிறான், தாசில்தாரைப் பார்க்கிறான், தெ, ரி, யா, து, ங்க.

வசந்தா கரண்டியோடு நின்று பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். மூக்குச் சிந்தினாள்.

இதுதான். இதுதான் நடந்தது. இப்போதுதான் எனக்கே முழுதாகத் தெரிகிறது.

ஆடி 26

செல்வம் பார்த்துவிட்டான்.

முதலில் சிரித்துக்கொண்டேதான் பார்த்தான், பயிர் வளர்ந்ததற்குக் கைகூடத் தட்டினான். கடுக்கனைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

‘இது யாரு?’

‘யாரா? வடக்குப் பண்ணை’ என்றேன்.

‘என்னம்மா வெளையாடுறீங்களா? அவரு பேரன் மேடையில உக்காந்திருக்காரு, அவரு தாத்தா சின்னப் பொண்ணு மேல கை வச்சிக்கிட்டு நிக்கிறாரு, எல்லாரும் பாக்கணுமா?’

‘வச்சாருடா.’

‘நீங்க பாத்தீங்களா?’

அங்கே மாட்டிக்கொண்டேன். தூக்கைப் பார்த்தேன் என்றேன். கையைப் பார்த்தேன் என்று சொல்ல வரவில்லை. அன்று நான் கலியபெருமாள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

‘தூக்கு! கேட்டியா வசந்தா? தூக்காம்.’

கயல் சண்டை போட்டாள். அப்பா, இது என் படம் என்றாள். நோட்டீஸ் அடித்தாயிற்று, ஒன்றியத்திடம் சொல்லியாயிற்று, இனிமேல் படம் இல்லை என்றும் சொல்ல முடியாது, என் தலை உருளும் என்றான். கத்தவில்லை. கெஞ்சினான். அவன் கெஞ்சினால் கயல் கரைந்துவிடுவாள், அது அவனுக்குத் தெரியும்.

கடைசியில் சொன்னான், ‘அந்த ஒரு பொம்மைய மட்டும் எடுத்துடு. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். கலியபெருமாள் சொன்னது இருக்கட்டும். அம்மா ஆசப்பட்டது அதுதானே?’

என் ஆசையை எடுத்து என் வாயிலேயே அடைத்தான்.

ஆடி 28

மூட்டம். மழை இல்லை.

கயல் மறுபடி எடுக்கிறாள், பண்ணை இல்லாமல். கம்பளிக்குள் இரண்டு பேரும்.

பழையது கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கிறதாம். ‘காலேஜுக்கு முழுசாத்தான் குடுப்பேன் அப்பாயி. இங்கயும் பிற்பாடு போட்டுக் காட்டுறேன்.’ பிற்பாடு என்றால் எப்போது, என் கருமாதிக்கா? அந்தப் பெட்டியைத் திறக்க எனக்குத் தெரியாது. எதை அழுத்தினால் எது வரும் என்று தெரியாது.

அஞ்சலையின் நடுக்கத்தை மாற்றவில்லை. அது ரொம்ப நல்லா வந்திருக்கு, விட மனசில்லை என்றாள். பண்ணையை மட்டும் கம்ப்யூட்டரில் அழித்துவிடுவாளாம். அழித்தாள். அழித்துக் காட்டினாள். அஞ்சலை தானாக நடுங்குகிறாள். தோளில் நாலு பள்ளம், விரல் பதிந்தது. ஏன் என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது.

பண்ணை பொம்மையை உருட்டி உண்டையாக்கி மாடத்தில் வைத்திருக்கிறாள். பச்சைக் கல் வெளியே தெரிகிறது.

கலியபெருமாளிடம் போய்ச் சொல்ல நினைத்தேன். தெருக்கோடி வரை போனேன். அவன் வேட்டி துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தான், விழாவுக்கு. ‘அஞ்சலைக்குப் போன் போட்டேன் அண்ணி, அவளும் வர்றா’ என்றான். திரும்பி வந்துவிட்டேன்.

செல்வத்திடம் இன்னொரு தரம் கேட்டேன், சோறு போடும்போது. ‘சாப்பிட விடுங்கம்மா’ என்றான். வசந்தா என்னைப் பார்த்தாள், குழம்பை ஊற்றினாள்.

ஆவணி 2

புழுக்கம். கூடத்தில் காற்றாடி ஓடவில்லை.

எல்லாம் நடந்தது. எனக்கு முன்வரிசை. கொடி, தோரணம், பாட்டுச் சத்தத்தில் காது அடைத்துவிட்டது. மூன்றாம் வரிசையில் கலியபெருமாள். பக்கத்தில் தலை நரைத்த ஒருத்தி, பச்சைப் புடவை. அவள்தான். என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

படம் வெள்ளைத் துணியில். பயிர் வளர்ந்ததும் ஒரே கைதட்டல். தாசில்தார் கேட்டார். கலியபெருமாள் பொம்மை வாய் திறந்தது. பெரிய வாய், அவன் கேட்டபடியே. தெரியாதுங்க. சுற்றிலும் சின்னச் சின்ன ஆட்கள், பண்ணை இல்லை, கை இல்லை. ஏழை ஏழையைக் காட்டிக்கொடுக்கிறான், வேறு காரணமே இல்லை. நான் இத்தனை வருஷம் மனசுக்குள் ஓட்டிய படம் இதேதான். அதைத்தான் துணியில் போட்டார்கள்.

பின்னாலிருந்து ஒரு இளவட்டம், ‘துரோகி!’ என்றது. இன்னொன்று, ‘யோவ், அந்தாளு இங்கதான்யா உக்காந்திருக்காரு.’ சிரிப்பு. ஒருவன் விசில்.

எழுந்தேன். இல்லை என்று சொன்னேன். பண்ணை இருந்தார், கை இருந்தது என்று சொன்னேன். மைக்கில் வாழ்க வாழ்க. பக்கத்தில் இருந்தவளுக்கே கேட்கவில்லை. ‘ஒக்காருங்க ஆத்தா, ஒங்களத்தான் கூப்புடப் போறாங்க’ என்றாள்.

கூப்பிட்டார்கள். செல்வம் கைத்தாங்கலாக மேடை ஏற்றினான். ஒன்றியம் பொன்னாடை போர்த்தினார். சிவப்பான பிள்ளை, அதே தாடை. போர்த்திவிட்டுப் போட்டோவுக்காகத் தோளில் கை வைத்தார். எடுக்கவில்லை. போட்டோக்காரன் இன்னொன்று, இன்னொன்று என்றான். நான் நடுங்கினேன். ‘அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்’ என்று செல்வம் மைக்கில் சொன்னான்.

மேலேயிருந்து பார்த்தேன். மூன்றாம் வரிசையில் இரண்டு நாற்காலி காலி.

வீட்டு வாசலில் ஒரு பித்தளை மூடி இருந்தது. புளி போட்டுத் தேய்த்தது.

கலியபெருமாளைச் சுமந்தது போதும். இறக்கிவிட்டேன். கயல் சின்னப் பிள்ளை, அழுதுகொண்டே படுத்திருக்கிறாள், போகட்டும். பண்ணை செத்து எரிந்து போனவர், அவர் கணக்கு அங்கே. மன்னிக்கவே மாட்டேன் என்று ஒருத்தனைத்தான் எழுதிவைக்கிறேன். அன்றைக்கு இருந்தவர்களில் ஒருத்தன், என் இடுப்பில் இருந்தவன். நோட்டீஸில் போட்டிருக்கிறபடியே:

கோ. செல்வராசு.